முதல் வயர்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய சர்க்யூட் போர்டு கிடக்கிறது. அதில் முதல் வயர் சேரும் இடம் மட்டும் கருகியிருக்கும். மூன்று தடவை பிரித்து, மூன்று தடவை நான்தான் அங்கே சால்டர் வைத்தேன். பார்க்கும்போதெல்லாம் எரிச்சலும் வரும், சேட்டன் ஞாபகமும் வரும்.

அப்போது கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் எங்கள் சின்னக் கம்பெனி. தும்மாமல் ஒரு வேலையும் நடக்காது. இறால் வைக்கும் குளிர்கிடங்குகளுக்கு வெப்பத்தை அளந்து, கதவு திறப்பதையும் குறித்துக்கொள்ளும் போர்டு செய்தோம். வயர்களை ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டர் என் வேலை. உள்ளே ஓடும் சி மொழிப் புரோகிராமை எழுதுவது, நாங்கள் எல்லோரும் சேட்டன் என்று கூப்பிட்ட மூத்தவர். பாலக்காட்டுத் தமிழ்க்காரர், சாயா ஆறி ஆடை கட்டிய பிறகுதான் குடிப்பார். ஒரு கிடங்கில் முதல் வயரில் இருக்கும் முதல் சென்சார் மட்டும் மைனஸ் பதினெட்டு காட்டிக்கொண்டே இருந்து, திடீரென்று ஒன்று என்று காட்டும். அலாரம் அலறும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். முதலாளிக்குச் சந்தேகமே இல்லை. "உன் கைவேலைதான். இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா திங்கட்கிழமை நீ வரவேண்டாம்" என்றார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

நான்காவது தடவையாகச் சால்டர் கோலை எடுத்தபோது சேட்டன் தடுத்தார். "அதை வெறுதே சுடாதே. இங்கெ வா." கிடங்கின் இரண்டு கதவுகளுக்குப் பதிலாக மேசையில் இரண்டு ஸ்விட்ச் வைத்து, என்னை அமுக்கச் சொல்லிவிட்டு லேப்டாப்பில் எண்களைப் பார்த்தார். முதல் கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதை அமுக்கினேன். முதல் சென்சாரின் எண் ஒன்று ஆனது. "இன்னொரு தரம்" என்றார். மறுபடியும் ஒன்று.

கிடங்குக் கதவுகளில் பெயின்ட்டால் 1, 2 என்று எழுதியிருந்தார்கள். கதவு திறந்தால் ஒன்று என்று வரிசையாகக் குறித்துவைக்கும் அரேயிலும், இடங்களுக்கு சேட்டன் அதே எண்களைப் போட்டுவிட்டார். சி மொழியோ பூஜ்யத்திலிருந்து எண்ணும். இரண்டே இடமுள்ள அரேயில் 0, 1 தவிர 2 என்ற இடமே கிடையாது. அதை வாய் திறந்து சொல்லவும் செய்யாது. இரண்டாம் கதவின் ஒன்றைக் கொண்டுபோய் நினைவகத்தில் அடுத்த வீட்டில் வைத்துவிடும். அடுத்த வீடு என் முதல் சென்சாருடையது.

ஒரு வரியைத் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. சேட்டன் முதலாளியை எங்கள் மேசைக்கே கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும், "தெற்று என்னோடதாக்கும் சார், புரோகிராம்லே. இவ சால்டர்லே ஒரு கொழப்பமும் இல்லை" என்றார். முதலாளி அந்த மாதம் முழுக்கச் சேட்டனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா என்றால், அதுவும் கிடையாது. சேட்டன் உட்கார்ந்து ஆறிய சாயாவைக் குடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகு என்று சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது வேறு கம்பெனியில் போர்டுகளைச் சோதிப்பது என் பொறுப்பு. எண் ஏதாவது கோளாறானால் புரோகிராம் எழுதும் பிள்ளைகள் நேரே என்னிடம் வருவார்கள். "வயரை ஒண்ணு நோக்குங்க சேச்சி." நான் இழுப்பறையைத் திறந்து அந்தப் போர்டை அவர்கள் கையில் கொடுப்பேன். கருகிய இடத்தைத் தடவிப் பார்ப்பார்கள். மூன்று தடவை சூடு பட்ட வயர். அது ஒரு தப்பும் செய்யவில்லை.