கொம்பனி கைவிட்ட பெட்டியும் ஹாஜறா மாமியும்

கல்முனைக்குடியில் மாமியும் மருமகனும் ஒரே கூரைக்குக் கீழே வருசக்கணக்கில் இருப்பார்கள், ஒருவரோடு ஒருவர் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்திருக்க மாட்டார்கள். மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. மாமி தாய்க்குச் சமம், தாராளமாகக் கதைக்கலாம் என்று மௌலவிமார் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது யார் பேச்சைக் கேட்டது? வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் பின்னறைக்கும் குசினிக்கும் ஒதுங்கிக்கொள்வார்கள். முன்மண்டபம் மருமகனுக்கு. அவர் செருமினால் மாமி கதவுக்குப் பின்னால் மறைய வேண்டும். மாமிக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் வாய் திறந்து சொல்லமாட்டாள். வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்காது, அவ்வளவுதான். கெட்டிக்கார மருமகன் அதைப் பார்த்து விளங்கிக்கொள்வான்.

ஹாஜறாவின் மருமகன் றாஸிக் மகா கெட்டிக்காரன். வினையே அங்கேதான் வந்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் கடைசியில் கலியாணம் நடந்தது. ஹாஜறாவுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. புருசன் அச்சிமுகம்மது சொறிக்கல்முனைப் பக்கத்து வயலே கதியென்று கிடக்கிற மனிதர். ஒரே மகள் ஹிமாயா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். றாஸிக் கந்தோரில் கிளாக்கர். அவன் பெண்வீட்டுக்குக் கொண்டுவந்த சாமான்களோடு ஒரு கறுப்புக் கேம் பெட்டியும் வந்தது. கட்டாரில் இருந்த அவனுடைய காக்கா, மூத்த அண்ணன், எண்பத்தொன்பதில் அனுப்பியது. டீவியில் மாட்டி, கேசட்டைச் செருகி, கைபிடியை ஆட்டி விளையாட வேண்டும். அதைச் செய்த கொம்பனி சில வருசங்களுக்கு முந்தியே உற்பத்தியை நிறுத்திவிட்டது. புதுக் கேசட் இனி வராது. கையில் இருந்தது மூன்றே மூன்று.

பின்னேரங்களில் றாஸிக் கொஞ்ச நேரம் விளையாடுவான். குசினியில் நிற்கிற ஹாஜறாவுக்கு டீவி தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். பீங், பீங், பீங் என்று கொஞ்ச நேரம், பிறகு டும். பிறகு மருமகனின் பெருமூச்சு. உள்ளே என்னதான் செத்துப்போகிறது என்று அவளுக்கு மண்டை வெடித்தது.

ஒருநாள் காலை பத்து மணிக்கு, வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லாத நேரத்தில், வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு டீவிக்கு முன்னால் போய்க் குந்தினாள். ஹிமாயா வயர் மாட்டுவதைப் பார்த்திருந்தபடியால் மாட்டிவிட்டாள். நீலமாக ஓர் ஆறு வந்தது. ஆற்றின் நடுவில் ஒரு பச்சைச் சதுரம். அதுதான் தோணி. பழுப்புக் கட்டை ஒன்று வந்தால் அது மரக்குற்றி, இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் முதலை. மூக்கும் முழியும் எதற்கும் இல்லை.

பதினொரு தரம் கரையில் மோதினாள். பன்னிரண்டாம் தரம் ஒரு முதலையைத் தாண்டினாள். அட, அந்த நேரத்தில் அவளுக்கு வந்த சந்தோசத்தை எந்தத் தராசில் நிறுப்பது! அன்று பருப்பு அடிப்பிடித்தது.

அதற்குப் பிறகு மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அந்த ஆறு அவளுடையது. காலையில் சுறுக்காகச் சமைத்து இறக்கிவிடுவாள். முதலைகளைத் தாண்டிப் போகப் போக ஆற்றுக்குக் குறுக்கே பாலங்களும் வந்தன. சதுரமாகக் கிடந்த தோணிக்கு ஒரு தோணிக்காரனை அவளே மனதில் ஏற்றினாள். அவனுக்குப் பக்கீர் முகைதீன் என்று பேரும் வைத்தாள். கொம்பனி முகம் வரையாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. தாடியும் சாரனும் சோம்பல் குணமும் அவளே கொடுத்துக்கொண்டாள். "கண்ணத் திறந்து பாருங்க மனிசன், இன்னா வருது முதல!" என்று அவனை ஏசினாள். ஏச்சு வேலிக்கு மேலால் போய்விட்டது. அடுத்த வீட்டுச் சுல்பிகா எட்டிப் பார்த்தாள்.

"ராத்தா, ஆரோ ஆம்புளயோட கதைக்கிற மாதிரிக் கேட்டிச்சி?"

"ரேடியோ புள்ள, ரேடியோ!" என்றாள் ஹாஜறா. அடுத்த நாளிலிருந்து பக்கீர் முகைதீனை வாய்க்குள்ளேயே ஏசினாள்.

சிரிக்காதீர்கள். இருபத்தைந்து வருசம் அவள் செய்த வேலையெல்லாம் மற்றவர்களின் வயிற்றுக்குள்ளும் உடுப்பு மடிப்புக்குள்ளும் போய் மறைந்துவிட்டது. நேற்று ஆக்கியதை இன்று திரும்ப ஆக்க வேண்டும். இந்த ஆற்றில் மட்டும் நேற்றை விட இன்று ஒரு முதலை தூரம் கூடப் போயிருந்தாள். அது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, சொல்லவும் வழியில்லை. கலியாணம் முடித்த மகளின் தாய் கேம் விளையாடுகிறாள் என்றால் ஊர் சும்மா விடுமா? ஹிமாயாவிடம் வாய் விட்டால் அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் அத்தனை டீச்சர்மாருக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே தடயத்தை மறைத்தாள். விளையாடி முடித்ததும் பெட்டி சுடும். அந்தச் சூடு காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, ஒரு வெள்ளைத் துவாயில் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தாள். ஒவ்வொரு நாளும் அப்படித்தான். பின்னேரம் றாஸிக் வந்து பார்ப்பான். டீவிக்குப் பக்கத்தில் வைத்த பெட்டி மையித்துக்குக் கபன் துணி சுற்றின மாதிரி உயரத்தில் கிடக்கும். இதற்கு மேல் ஒரு மாமி எப்படிச் சொல்வாள்?

தொண்ணூற்றாறு ஜூலையில், ஒரு வியாழக்கிழமை, றால் உரித்துக்கொண்டிருந்தபோது ஹிமாயா தன் புருசனின் சேதியைச் சொன்னாள்.

"உம்மா, மச்சான் அந்தக் கேம் பெட்டியச் சனிக்கிழம பளீல் காக்காட ரேடியோக் கடைக்குக் குடுக்கப் போறாராம்."

"ஏன் புள்ள?"

"ஒங்களுக்குப் புடிக்கல்லயாம். மாமிட மனசு நோகக் கூடா எண்டு சொல்றாரு. பளீல் காக்கா அதக் கழட்டி உள்ளுக்கு இரிக்கிற சாமானெல்லாம் எடுப்பாராம்."

"கழட்டியா?" ஹாஜறாவின் கையிலிருந்த றால் திரும்பவும் சட்டிக்குள் விழுந்தது. "எனக்கு ஒரு வெறுப்பும் இல்ல. அது கிடந்துட்டுப் போகட்டும் எண்டு சொல்லு."

ஹிமாயா போய்ச் சொன்னாள். திரும்பி வந்தாள். "மாமி எவ்வளவு பெருந்தன்மையான மனிசி, அதுக்காகவே குடுக்கணும் எண்டு சொல்றாரு."

யா அல்லாஹ்! வெள்ளிக்கிழமை ஹாஜறா இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லி அனுப்பினாள். "நல்லா ஓடுற சாமான ஏன் கழட்ட? என்ட தையல் மிசினச் செஞ்ச கொம்பனி நான் கலியாணம் முடிக்க முந்தியே பூட்டிட்டான். அதுக்காகத் தையல் பிரிஞ்சா போச்சு?"

அதற்கும் மறுமொழி வந்தது. ஹிமாயா சிரித்துக்கொண்டே சொன்னாள். "தையல் மிசின் வீட்டுக்குப் பிரயோசனமான சாமான், இது அப்பிடி இல்ல எண்டு மாமி குத்திக் காட்டுறாவாம். நாளைக்குக் காலையிலயே கொண்டு போறாராம்."

மரியாதையான மருமகனிடம் மாட்டிக்கொள்வதை விட முதலையிடம் மாட்டிக்கொள்ளலாம். இரவெல்லாம் ஹாஜறா புரண்டு புரண்டு படுத்தாள்.

சனிக்கிழமை காலை ஹிமாயா டியூசன் வகுப்புக்குப் போய்விட்டாள். சொல்லி அனுப்ப இனி ஆளில்லை. முன்மண்டபத்தில் சரசரவென்று பை விரிக்கிற சத்தம் கேட்டது. கைபிடிகள் இரண்டும் பைக்குள் விழுந்தன, கேசட்டுகள் விழுந்தன. றாஸிக் வழக்கம்போலச் செருமிவிட்டு, சுவரைப் பார்த்து, "கடத்தெருவுக்குப் போயிட்டு வாறன்" என்றான்.

ஹாஜறா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். இவ்வளவு நாளாக உயிர்போல வளர்த்தது படியிறங்கப் போகிறது. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது, ஒன்றும் ஓடவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு நடுவில் வந்து நின்றாள். வாயில் வந்தது இதுதான்:

"எழுபத்தோராயிரம்!"

றாஸிக் திடுக்கிட்டுத் திரும்பி, மாமியைக் கண்டதும் மறுபடி சுவருக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டான். "என்ன மாமி?" என்று சுவரைக் கேட்டான்.

"ஆத்து விளையாட்டுல. எழுபத்தோராயிரத்து நானூறு புள்ளி. போன செவ்வாய்க்கிழம."

றாஸிக்கின் பிடரி யோசித்தது.

"அப்ப, மூணாவது பாலம்?"

"தாண்டியாச்சு."

"நாலாவது?"

"அதும்தான்."

அவன் பையை மெதுவாகக் கீழே வைத்தான். திரும்பினான். வெட்கம் எங்கே போனதோ தெரியாது, மாமியின் முகத்தை நேரே பார்த்தான்.

"மாமி, ஏழு வருசமா இது என்னட்டக் கிடக்கு. ரெண்டாவது பாலத்துல செத்துச் செத்து, இதுக்குள்ள இவ்வளவுதான் எண்டு நெனச்சிட்டன். அங்கால ஆறு இரிக்கா?"

"இரிக்காவா! மூணாவது பாலத்தோட ஆறு செவப்பாகிற. முதல சோடி சோடியா வரும். பாலத்துக்குக் கிட்டப் போகக்குள்ள கைய விடணும், நீங்க இறுக்கிப் புடிக்கிற ஆளாக்கும்."

"ஓம், இறுக்கித்தான் புடிக்கிற. அப்ப அந்தத் துவாய்?"

"பெட்டி சுடுற தெரிஞ்சிரும் எண்டுதான்."

றாஸிக் வாயைப் பொத்தினான். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்திச் சிரித்தான். ஹாஜறாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானை நழுவியதைக் கூட அவள் கவனிக்கவில்லை. பிறகு அவனே வயரை மாட்டி, கேசட்டைச் செருகி, கைபிடியை இரண்டு கையாலும் மாமியிடம் நீட்டினான்.

டியூசன் முடிந்து ஹிமாயா வந்தபோது வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. சோறு இன்னும் அடுப்பில் ஏறவில்லை. மண்டபத்துப் பாயில் அவளுடைய உம்மாவும் புருசனும் தோளுக்குத் தோள் குந்தியிருந்தார்கள். டீவியில் ஆறு செக்கச்செவேலென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மாமி, அல்லாவே! நான் இந்த இடத்தக் கண்டதே இல்ல மாமி! இனி எனக்குத் தாங்க, ஒருக்காத் தாங்க!" என்று றாஸிக் கத்தினான்.

"பொறுங்க மகன்," என்றாள் ஹாஜறா, ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இன்னும் சாகல்ல."