ஆம்பூரில் அரக்கி வேடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலூர் பேருந்து நிலையத்தில் திருப்பத்தூர் வண்டியில் ஏறினேன். ஆம்பூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். சத்துவாச்சாரியில் தோழி வீட்டில் முந்தைய நாள் தங்கியிருந்தேன். பையில் ஒரு சிவப்புச் சேலை, அட்டையில் செய்த கோரைப்பற்கள், ஒரு டப்பா கறுப்பு மை. ஆம்பூரில் அன்று மாலை என் தனிநடிப்பு நாடகம்.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டும்போது பின்னிருக்கையில் இரண்டு பெண்கள் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"எந்த நாட்டுப் பொண்ணோ, ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும்."

"படிக்க வந்திருக்கும்க்கா. அந்த முடியப் பாரேன். நெசமா, சவுரியா?"

நான் திரும்பினேன். "நெசம்தான்க்கா. இழுத்துப் பாருங்க."

ஒருத்தி உண்மையிலேயே இழுத்துப் பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் நடத்துநரே எட்டிப் பார்த்தார். மாதனூர் வருவதற்குள் அவர்களுக்கு என் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. என் அப்பா எத்தியோப்பியாவிலிருந்து தோல் தொழில்நுட்பம் படிக்க வந்தவர். அம்மா பேரணாம்பட்டுக்காரி. ஆம்பூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது காதலித்து மணந்தார்கள். நான் ஆம்பூரில்தான் பிறந்தேன். கைக்குழந்தையாக இருந்தபோது சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. அப்பா இப்போது இல்லை.

ஆம்பூர் வருவதை மூக்குதான் முதலில் சொல்கிறது. பச்சைத் தோலும் ரசாயனமும் கலந்த வாடை. நெடுஞ்சாலையின் இருபுறமும் ஷூ விளம்பரங்கள், பிரியாணிக் கடைப் பலகைகள். ஒரு பக்கம் மணல் மட்டும் தெரியும் பாலாறு, மறுபக்கம் பாறைக் குன்றுகள்.

நிறுத்தத்தில் ஷானாஸ் டீச்சர் காத்திருந்தார். பெண்களுக்காக ஒரு படிப்பகம் நடத்துகிறார். என்னை அழைத்தவர் அவர்தான். "செலாமா, சலாமா? ஃபோன்ல கேட்டதுலேர்ந்து எனக்குக் கொழப்பம்," என்றார். செலாம் என்பது என் பெயர். அப்பாவின் மொழியில் அமைதி என்று பொருள். "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்," என்றேன்.

படிப்பகம் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருக்கிறது. ஒரே அலமாரியில் தமிழும் உருதும். உருது வலமிருந்து இடமாகப் போவதால், முன்னட்டை எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

பத்து மணிக்கு நாடகம் நடக்கவிருந்த மண்டபத்துக்குப் போனோம். வாசலிலேயே சுவரொட்டி: 'ஆப்பிரிக்க நடிகை வழங்கும் கலைநிகழ்ச்சி.' மண்டபத்தின் உரிமையாளர் அன்பாகத்தான் வரவேற்றார். இடத்தை இலவசமாகக் கொடுத்தவரும் அவரே.

"மேடம், மொதல்ல ஒரு ஆப்பிரிக்கா டான்ஸ் போட்டுடுங்க. டிரம்ஸ்க்கு ஆள் சொல்லிட்டேன். அப்புறம் உங்க நாடகம். டான்ஸ் இருந்தாதான் கூட்டம் ஜாஸ்தியா வரும்."

"எனக்கு அந்த டான்ஸ் எதுவும் தெரியாதுங்க. நான் எத்தியோப்பியாவுக்குப் போனதே இல்ல. பொறந்தது இந்த ஊரு."

"இன்னா மேடம், உங்களப் பாத்தா யாரு நம்புவாங்க?"

"அதத்தான் நாடகத்துல சொல்லப் போறேன். டான்ஸ் ஆடிட்டு அதச் சொன்னா எப்படிங்க?"

அவர் முகம் சுருங்கியது. டான்ஸ் இல்லையென்றால் மண்டபம் இல்லை என்றார். டீச்சர் மூன்று மாதம் அலைந்து ஏற்பாடு செய்த நிகழ்ச்சி. அவரைப் பார்த்தேன்.

"ரொம்ப பேஜாரா போச்சு," என்றார். பிறகு என் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "வாங்க. நம்ம மாடி இருக்குதே."

மதியம் பிரியாணியும் கத்தரிக்காயும் சாப்பிட்டபடியே அவர் ஒவ்வொருவராக ஃபோனில் கூப்பிட்டார். பிளேட் நூற்றைம்பது ரூபாய், என்னைக் கொடுக்க விடவில்லை. சாப்பிட்டு முடித்ததும் மேசைகளைச் சுவரோரம் தள்ளினோம். ஒரு சுவரொட்டியில் 'ஆப்பிரிக்க நடிகை' என்பதை அடித்து, 'ஆம்பூரில் பிறந்த செலாம்' என்று எழுதிப் படியடியில் ஒட்டினேன்.

நான்கு மணிக்குத் தரையில் உட்கார இடமில்லை. பெரும்பாலும் ஷூ தைக்கும் பெண்கள். சிலர் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள்.

நாடகம் என் பள்ளியில் தொடங்கும். ஆண்டுவிழாவில் எனக்கு எப்போதும் அரக்கி வேடம்தான். ஏற்கெனவே கறுப்பாக இருந்த முகத்தில் இன்னும் மை பூசுவார்கள். நூலகத்தில் என்னைப் போல ஒருத்தியைத் தேடுவேன். கதைகளில் அவள் 'கறுப்பாக இருந்தாலும் களையாக' இருப்பாள். அந்த 'இருந்தாலும்' வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன். பிறகு ஆப்பிரிக்கக் கதைகளின் மொழிபெயர்ப்புகளைத் தேடிப் படித்தேன். அங்கே என் முடி இருந்தது, ஆனால் யாரும் ரசம் சாப்பிடவில்லை. கடைசியில் அரக்கி மையைக் கழுவிவிட்டுச் சொந்த முகத்தோடு நிற்பாள். பல ஊர்களில் கைதட்டல் வாங்கிய முடிவு அது.

இங்கேயும் தட்டினார்கள். ஆனால் தையல் பிரிவில் வேலை பார்க்கும் கலைவாணி என்ற பெண் எழுந்து நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மைய எதுக்குக் கழுவறீங்க? கழுவினா நல்லவளாய்ட்றான்னு ஆவுதே? கறுப்பு போனாத்தான் மரியாதையா?"

ஐந்து வருடமாக ஆடுகிறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவள் சொன்னது சரி என்று அந்த நிமிடமே தெரிந்தது. தெரிந்தும் ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அப்போ எப்படி முடிக்கணும்?" என்று கேட்டேன்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். அரக்கி சாப்பிட உட்காரட்டும் என்றாள் ஒருத்தி. மை பூசின வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்கட்டும் என்றாள் இன்னொருத்தி. கலைவாணி, "ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. அப்படியே எங்க பக்கத்துல வந்து உக்காரட்டும்," என்றாள்.

மீண்டும் மை பூசிக்கொண்டு கடைசிக் காட்சியை அப்படியே ஆடினேன். கோரைப்பல்லோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். யாரும் கை தட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை.

ரயில் நிலையத்தில் ஷானாஸ் டீச்சர் கேட்டார்: "பேரணாம்பட்டுல பீடி சுத்தற பெண்களும் கேக்கறாங்க. அடுத்த மாசம் வர்றீங்களா?" அது அம்மாவின் ஊர். கல்யாணத்துக்குப் பிறகு மாமன்கள் அம்மாவை வாசற்படி மிதிக்கவிட்டதில்லை. வண்டி வரும் வரை யோசித்துவிட்டு, வருகிறேன் என்றேன்.

சென்னையில் என் தெருவில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, பார்ப்பதோடு சரி. ஆம்பூரில் பார்த்த வேகத்தில் கேட்டுவிடுகிறார்கள், முடியைக்கூட இழுத்துப் பார்க்கிறார்கள். கேட்பவர்களோடு சண்டை போடலாம், சேர்ந்து ஒரு நாடகத்தையே மாற்றலாம். வெறுமனே பார்ப்பவர்களோடு என்ன செய்வது?

வண்டி வேகம் எடுத்ததும் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "அம்மா, பேரணாம்பட்டுல ஆடப் போறேன். நீ முன்வரிசையில உக்காரணும்."

மறுமுனையில் அம்மா டிவியை அணைப்பது கேட்டது.

"அண்ணனுங்க வந்தா?"

"வந்தா நாடகம் பாக்கட்டும்."

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா கேட்டாள்: "எந்தப் பொடவ கட்டிக்கட்டும்?"