கடிக்கிற நாய்களுக்குப் புதன்கிழமை

நாய், பூனைகளுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் தங்கையின் கடையில், அக்கா ஸ்கேல் வைத்து அடுத்த வருட அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். புதன்கிழமைக் கட்டங்களை மட்டும் தங்கை நிரப்ப விடவில்லை.

“அன்னைக்கும் ஆறு நாய் எடுத்தா கடையைப் பெருசாக்கலாம்டி.”

“அது கடிக்கிற நாய்ங்களுக்குக்கா. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். அவசரப்படுத்தினா கடிக்கத்தான் செய்யும்.”

“வருஷம் பூரா கடி வாங்கத் திட்டம் போடுற ஒரே ஆள் நீதான்!”

அப்போது, மூன்று கடைகளில் திருப்பி அனுப்பப்பட்ட நாயோடு ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். தங்கை தரையில் உட்கார்ந்து, முடி வெட்டும் மெஷினை ஓடவிடாமல் அதன் மூக்கருகே நீட்டினாள். அரை மணி நேரம் முகர்ந்தபின் உறுமல் அடங்கியது.

அக்கா ஐம்பத்திரண்டு புதன்கிழமைகளிலும் ‘ஒன்று மட்டும்’ என்று பேனாவால் எழுதினாள்.

“என் தங்கச்சிதான் சார்,” என்றாள் வந்தவரிடம். “புதன்கிழமை கூட்டிட்டு வாங்க, வெட்டிடுவா.”