முனிக்கு அப்பா வைத்த தலை

எங்கள் தோட்டத்தில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்திலிருந்து ஏறினால் ஒரு மேடு வரும். பாசி பிடித்த கருங்கல் படிகள், பாதி மண்ணுக்குள் போன செங்கல் சுவர், தூண்கள் நின்ற இடத்தில் வரிசையாகக் குழிகள். நடுவில் சம்மணம் போட்டு, மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு கல் உருவம். அதற்குத் தலை இல்லை. யார் கட்டினார்கள், எப்போது விட்டுப் போனார்கள், ஒருவருக்கும் தெரியாது. காட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறதே, அப்புறம் முனி இல்லாமல் வேறு யாராம்? லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். ஆடி மாதம் கோழி அறுத்து, சுருட்டு கொளுத்தி வைத்து, கறுப்பு பீரை உடைத்து ஊற்றிவிட்டு வருவோம்.

ஒரு வருஷம் லயம் முழுக்கக் காய்ச்சல். தலையில்லாத சாமியைக் கும்பிட்டால் இப்படித்தான் ஆகும் என்று யாரோ கிளப்பிவிட, எல்லாரும் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா தோட்டத்துக் கொத்தனார். துரை பங்களா வாய்க்காலுக்கு வந்த சிமெண்டில் கொஞ்சம் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தது. முறைத்த கண், முறுக்கிய மீசை எல்லாம் வைத்து ஒரு தலை செய்தார். சாமி உடம்பில் சிமெண்ட் பூச அவருக்கு மனசு வரவில்லை. கழுத்தில் ஏற்கெனவே இருந்த குழியில் கம்பியைச் செருகி நிறுத்திவிட்டார்.

சாயம் காய்ந்த பிறகுதான் ஜனங்கள் சரியாகப் பார்த்தார்கள். அகன்ற மூக்கு, மேலே ஏறிய இடது புருவம். அச்சு அசல் அப்பா! "கொத்தனாரே, இனிமே ஒங்களத்தான் விழுந்து கும்பிடணுமா?" என்று கேட்டு ஓட்டித் தள்ளினார்கள். முனி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அப்பா முறைத்தார். முறைத்ததும் இன்னும் ஒத்துப்போனது.

அம்மாவுக்கு மானம் போய்விட்டது. கையில் எலுமிச்சம்பழத்தோடு மேட்டுக்கு வருவாள், ஆனால் கும்பிட மாட்டாள். வீட்டில் திட்டுகிற முகத்தை இங்கே வந்து கும்பிட வேண்டுமா என்று கேட்பாள். இத்தனைக்கும் அவள் அப்பாவின் பெயரைக்கூடச் சொன்னதில்லை. கிளினிக்கில் கணவர் பெயர் கேட்டால் என்னை இடிப்பாள், நான்தான் சொல்ல வேண்டும். ஆனால் மலையிறங்கித் தாப்பாவுக்கு பஸ் ஏறினால் வழியெல்லாம் அவரைத்தான் கவனிப்பாள். அப்பாவுக்கு மலை வளைவு ஒத்துக்கொள்ளாது. முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழத்தை அவர் மூக்கருகே பிடித்துக்கொண்டே வருவாள்.

வேலை ஓய்ந்ததும் லெம்பா பெர்த்தாமில் வாடகை வீட்டுக்கு வந்தோம். அப்பா அங்கேதான் போய்ச் சேர்ந்தார். பிறகு ஒரு வருஷம் சேற்று வெள்ளம் வந்ததே, அதில் எங்கள் வீட்டில் ஜன்னல் உயரத்துக்குச் சேறு நின்றது. கல்யாணப் படமும் இழவு வீட்டில் மாலை போட்ட படமும் கூழாகிப் போயின. வேறு படம் இல்லை. எங்களுக்குப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கமே இல்லை, அறிவு கெட்ட குடும்பம். அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு ஆடியிலும் மேட்டுக்குப் போனாள். கும்பிடத்தான் மாட்டாள். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். முட்டி போன பிறகு அதுவும் நின்றது.

போன மாதம் தோட்டத்து டிரைவர் தானா ராத்தாவில் நாங்கள் இப்போது இருக்கும் வீட்டுக்குப் போன் செய்தார். சயாம் பிக்கு ஒருவர் வந்திருக்கிறாராம். அந்த மேடு ஒரு காலத்தில் பௌத்த மடமாம், உட்கார்ந்திருப்பது புத்தராம்.

"அக்கா, முனி தலைய கழட்டப் போறாங்களாம் லா. அம்மாகிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "மடம் கட்டட்டும், என்னமோ பண்ணட்டும். ஒங்கப்பா மூஞ்சிய எங்கயாச்சும் தூக்கிப் போட்டுட்டா நான் எங்க போய் தேடுவேன்?"

தோட்டத்து லாண்ட்ரோவர் தேயிலை எல்லை வரை போனது. அதற்கு மேல் அட்டைக்கடியோடு நானும் டிரைவரும் அம்மாவைத் தாங்கி ஏற்றினோம். மேட்டில் புதரெல்லாம் வெட்டி, படிகளைக் கழுவியிருந்தார்கள். வெயில் விழுந்த அந்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பள்ளிக்கூட நாளில் அந்தப் படிகளில்தான் நாங்கள் கோழிக்கறி சோறு தின்போம்.

பிக்கு வயதானவர், மலாயில் பேசினார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். புத்தர் என்றதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷமாகக் கோழியும் சுருட்டும் பீருமா கொடுத்தோம்! பிக்கு சிரித்துவிட்டார். புத்தருக்கும் முனி என்று ஒரு பெயர் உண்டு, சாக்கியமுனி, அதனால் பெயரில் நீங்கள் தப்பு செய்யவில்லை என்றார்.

பிறகு தலைக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனை காலம் பூசை வாங்கிய சாமி, சும்மா இறக்கக் கூடாது, பெயர் சொல்லி அனுமதி கேட்க வேண்டும் என்றார். இந்த டாத்தோவின், அதாவது இந்த இடத்துக் காவல் சாமியின், பெயர் என்ன?

முனியாண்டி என்று டிரைவர் வாயெடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். மாராப்பைச் சரிசெய்துகொண்டு, அந்த முகத்தைப் பார்த்து, அப்பாவின் பெயரைச் சொன்னாள். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. அவள் வாயால் அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிக்குவுக்குப் புரிந்ததோ என்னவோ. அந்தப் பெயரைத் தட்டுத் தடுமாறித் திருப்பிச் சொல்லி, கைகூப்பி அனுமதி கேட்டார். கம்பியோடு தலை சுலபமாக வந்தது. துண்டில் சுற்றி அம்மாவிடமே கொடுத்தார்.

இறங்கும்போது டிரைவர்தான் அதைச் சுமந்தார். வண்டியில் ஏறியதும் அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் இருந்த துண்டை விலக்கினாள். மீசைச் சாயம் போயிருந்தது. புருவம் மட்டும் அப்படியே இருந்தது. வண்டி முதல் வளைவில் திரும்பியது.

"மெதுவா ஓட்டுப்பா, இவருக்கு வளைவு ஒத்துக்காது" என்றாள் அம்மா. முனிக்கென்று கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அந்த மூக்கருகே பிடித்துக்கொண்டாள்.