பாதியில் நின்ற கூவல்

மத்தியான வெயிலில் கருவாடு காயும் வாசனை. தெருவே உண்ட மயக்கத்தில் கிடக்கிறது. அதற்கு நடுவே ஒரு கூவல்… பாதியில் அறுந்த கூவல்.

நண்பர்களே, இந்த மாமா அளந்துவிடுகிற ஆள் என்பது ஊரறிந்த விஷயம். அளந்த இடத்தையெல்லாம் நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். கழித்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம்தான் இத்தனை வருஷமாக என்னை உறுத்துகிறது.

அப்போது எனக்கு லாஸ்பேட்டையில் கிளார்க் உத்தியோகம். குடியிருந்தது வைத்திக்குப்பத்தில், ஒரு ஓட்டு வீடு. பின்னால் ஒரு புடவை விரித்தால் மூடிவிடும் அளவுக்குத் தோட்டம். ஆனால் அந்தத் தோட்டத்தில் நான் சக்கரவர்த்தி.

கிராப்புக் கோழி தெரியுமா? கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாமல், சிவப்பாக, கழுகு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்குமே, அந்த நாட்டுக்கோழி. பார்க்க அசிங்கம் என்று யாரும் வாங்கமாட்டார்கள். கலப்பாகியும் கறியாகியும் போனதில், நான் தேடி அலைந்தவரைக்கும் சுத்தமான ஜோடி என்னிடம்தான் மிச்சம். சேவல் பெயர் ஜெனரல். பெட்டை பெயர் மதாம், பிரெஞ்சில் சீமாட்டி.

ஜெனரல் கூவினால் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எழுந்து பல் துலக்குவார்கள். ஒரே ஒரு குறை… ‘கொக்கரக்’ வரை வரும். கடைசி ‘கோ’ வராது. யாரோ தொண்டையைப் பிடித்தது மாதிரி நின்றுவிடும்.

ஒருநாள் தெருநாய் ஒன்று ஜெனரலை முடித்துவிட்டது. இறுதி ஊர்வலத்தில் லட்சம் பேர்… சரி, நானும் ஒரு காக்காயும்.

சேவல் போன பிறகும் ஒரு வாரம், பத்து நாளைக்குப் பெட்டை இடும் முட்டையில் கரு இருக்கும். அந்த நாட்களில் மதாம் ஏழு முட்டை இட்டாள். செத்தவனுக்கு ஏழு வாரிசு. அதோடு சரி, நிறுத்திவிட்டாள். அடைக்கும் உட்காரவில்லை.

பக்கத்து வீட்டில் செல்வி அக்கா, மீன் விற்கிறவர். அவருடைய கறுப்புக் கோழி அப்போது அடையில் இருந்தது. ஏழையும் வாங்கி, இடிக்கும் கண்ணேறுக்கும் காப்பாகக் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு, அதற்கடியில் வைத்தார்.

அடை வைத்த இருபதாம் நாள் மத்தியானம்தான் அந்தக் கூவல் கேட்டது.

‘கொக்கரக்…’

என் கை முடியெல்லாம் நட்டுக்கொண்டது. ஜெனரலை நானே புதைத்திருந்தேன். பின்பக்கம் ஓடினால், மதிற்சுவர் மேல் மதாம். கடலைப் பார்த்துக் கழுத்தை நீட்டியிருந்தாள். மறுபடியும் கூவினாள். அவன் நிறுத்தும் அதே இடத்தில் நிறுத்தினாள்.

செல்வி அக்கா வெளியே வந்துவிட்டார். பெட்டை கூவினால் அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு ஆம்பளையைக் கொண்டுபோகும் என்பார்கள். அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். முந்தின நாளே திரும்பியிருக்க வேண்டும். படகு இன்னும் வரவில்லை.

“தம்பி, எங்க வூட்டு ஆளு கடல்ல இருக்காரு. அத்த அறுத்துடு. முடியாதுன்னா உன் முட்டைய எடுத்துனு போயிடு.”

எடுத்துப் போய் நானா அடைகாப்பது? சூடு போனால் ஏழும் போச்சு. மதாமோ முட்டை நிறுத்திவிட்டாள். அவளை வைத்துக்கொண்டால் வம்சம் அவளோடு முடியும். சக்கரவர்த்தி ஒரு நாழிகை யோசித்தார். பிறகு கத்தியும் கோழியுமாக அக்கா வீட்டுக் கொல்லைக்குப் போனார்.

இறகில்லாத கழுத்து. துடிப்பு நேரே என் விரலில் அடித்தது. கத்தியைத் தூக்கியபோது, என் கைக்குள்ளேயே இன்னொரு முறை கூவினாள்.

‘கொக்கரக்…’

நின்றது. அந்த மீதி, கூடைக்குள்ளிருந்து வந்தது. கீச்சென்று, மெல்லிசாக. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒன்று.

அக்கா கறுப்புக் கோழியைத் தூக்கிப் பார்த்தார். ஏழு முட்டை. ஒன்றிலும் கீறல்கூட இல்லை. ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

“அப்பன் கூப்புட்றான்னு பதில் சொல்லுதுங்க தம்பி… எம்புள்ளைங்களும் அப்பன் வருவாருன்னுதான் குந்தினு இருக்குதுங்க. கத்திய உள்ள வை.”

“விளக்கு வைக்கறதுக்குள்ள அறுக்கணும்னு சொன்னீங்களேக்கா?”

“வச்சாதானே?”

அன்றைக்கு அவர் வீட்டில் விளக்கு வைக்கவில்லை. பிள்ளைகளை இருட்டிலேயே சாப்பிடவைத்துப் படுக்கவைத்தார். மறுநாள் காலையில் படகு கரையேறியது. எஞ்சின் நின்றுபோய் மிதந்திருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. வீட்டுக்காரர் கால் கழுவி உள்ளே வந்த பிறகுதான், பட்டப்பகல் வெயிலில் அக்கா விளக்கேற்றினார். அதே நேரத்துக்கு முதல் முட்டை உடைந்தது. ஏழுக்கு ஐந்து பொரித்தது. ஐந்துக்கும் மொட்டைக் கழுத்து. மதாம் அதற்குப் பிறகு சாகும்வரை கூவவேயில்லை.

இப்போது நான் ரிட்டயர்ட் சக்கரவர்த்தி. மொட்டைமாடியில் கூண்டு, ஹாலில் இன்குபேட்டர். அதில் இருக்கும் முட்டைகளுக்குக் கேட்பதெல்லாம் ஃபேன் சத்தம்தான். அந்த வம்சத்துக் குஞ்சு வேண்டும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் வீடு தேடி வந்து வீடியோ எடுக்கிறார்கள்.

செல்வி அக்கா கதிர்காமத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். படகு இப்போது மகனிடம். போன வாரம் மத்தியானம் மாடியில் தீனி வைத்துக்கொண்டே அவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். மகன் இன்னும் கரைக்கு வரவில்லை என்றார். அந்த நேரம் பார்த்து, என் முதுகுக்குப் பின்னால் ஒரு கூவல். பாதியில் நின்றது.

“என்னா தம்பி, ஜெனரல் பேரனா?”

“ஆமாங்க்கா.”

ஒரே ரத்தத்தில் குஞ்சு எடுக்கக் கூடாதென்று, என் சேவலை வேறொருவருக்குக் கொடுத்து அப்போதே பத்து நாளாகியிருந்தது. பதிலுக்கு வரவேண்டிய சேவல் வந்திருக்கவில்லை. மாடியில் இருந்தது நான்கும் பெட்டை. எது கூவியது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹாலுக்கு வந்து இன்குபேட்டர் கண்ணாடியில் காதை வைத்தேன். ஃபேன் சத்தத்துக்கு அடியில்… சரி, அதை விடுங்கள்.

சாயங்காலம் ஆனது. ஏன் இன்னும் விளக்கு வைக்கவில்லை என்று வீட்டுக்காரி கேட்டாள். எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றேன். அக்கா மகன் வந்துசேர்ந்துவிட்டதாக மறுநாள் போன் வரும்வரை, என் வீட்டில் எண்ணெய் தீர்ந்துதான் இருந்தது.