தோற்றவளின் அரங்கேற்றம்

"நடுவிலேர்ந்து சொல்லும்மா" என்றார் பரீட்சகர். நிரோஷாவின் தாளம் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

ஒஸ்லோவில், வெஸ்ட்லியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நெடுங்காலமாகப் பரதநாட்டியம் படிப்பிக்கிறேன். புதிதாக வகுப்புத் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் மேடை, உடுப்பு, மேக்கப். நான் அவர்களுக்கு நிரோஷாவின் கதையைத்தான் சொல்வேன்.

நிரோஷா இங்கே பிறந்தவள். பதினேழு வயதில் ஐந்தாம் தரப் பரீட்சைக்கு வந்தாள். அதில் ஆடினால் மட்டும் போதாது. கையால் தாளம் போட்டபடி ஜதியை வாயால் சொல்ல வேண்டும். பரீட்சகர் எங்கே கேட்டாலும் அங்கிருந்து எடுக்க வேண்டும். பாட்டோடு ஓடிப் பழகிய காலை நம்பித் தப்ப முடியாது. பாஸானால் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கலாம் என்று சொல்லியிருந்தேன். அவளுக்கு அதுதான் ஆசை. மேடை ஆசை தாய்க்கு.

தாய் சுமதி ஒருநாள் கேக் பெட்டியோடு வந்தார்.

"ரீச்சர், ஹோல் புக் பண்ணியாச்சு. பரீட்சை முடிஞ்சு அடுத்த சனி அரங்கேற்றம். பரீட்சை எடுக்கச் சென்னையிலையிருந்து வாற அம்மாவையே பிரதம விருந்தினராக் கேட்டிட்டன். ஓமெண்டிட்டா."

"முதல்ல பிள்ளை பாஸ் பண்ணட்டும் சுமதி."

"என்ன ரீச்சர் கதைக்கிறியள்? உங்கட பிள்ளை பெயிலாகுமே?"

புகழ்ந்தே வாயை அடைப்பதில் எங்கள் சனத்தை மிஞ்ச ஆளில்லை. அதன்பிறகு தாளப் பயிற்சிக்கு வைத்த நேரமெல்லாம் அரங்கேற்றத்துக்குப் போனது. ஒரு கிழமை உடுப்பு அளவு, மறு கிழமை அழைப்பிதழுக்குப் படம். நான் கத்தினால், "வாற கிழமை ரீச்சர்" என்பார் சுமதி. நிரோஷா மட்டும் மெட்ரோவில் வரும்போது தொடையில் தட்டித் தட்டி ஜதி சொல்லிப் பார்ப்பாள்.

பரீட்சையன்று வர்ணத்தை நன்றாக ஆடினாள். பிறகுதான் அந்தக் கேள்வி. மனதுக்குள் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்த்து நடுவைப் பிடித்தாள், தாளம் தவறியது. திரும்பவும் தவறியது.

"தாளம் நிக்கலையேம்மா. நல்லா உழைச்சிட்டு அடுத்த வருஷம் வா" என்று பரீட்சகர் பெயிலாக்கினார். எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நிரோஷா வெளியே வந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "ரீச்சர், நான் கொன்டே எடுக்கிறன்" என்றாள். தோற்ற பாடத்தைத் திரும்ப எழுதுவதை இங்கத்தைய பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அரங்கேற்றத்தைத் தள்ளிவைக்கச் சொன்னேன். நிரோஷாவும் இப்போது அரங்கேற்றம் வேண்டாமென்று தாயிடம் கெஞ்சினாள்.

"அங்க வடக்கில ஹம்மர்பெஸ்டிலையிருந்து அண்ணை குடும்பம் ரிக்கெற் போட்டிட்டினம். சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?" என்றார் சுமதி. பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்த சனி மண்டபம் நிறைந்திருந்தது. நான் நட்டுவாங்கத்தில் இருந்தேன். ஆடி முடிந்ததும் அதே பரீட்சகர் பொன்னாடையோடு மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் குழந்தைக்குத் தாளம் ரத்தத்துலயே இருக்கு. இப்படியொரு லய சுத்தத்தை நான் சென்னையிலகூடப் பார்த்ததில்லை."

சனம் எழும்பி நின்று கைதட்டியது. சுமதி கண்ணைத் துடைத்தார். கூட்டம் கலைந்ததும் பரீட்சகரிடம் நேரே போய், "போன கிழமை இதே தாளத்துக்குத்தானே அம்மா பெயிலாக்கினீங்கள்?" என்று கேட்டேன்.

"அது எக்ஸாம், இது சபை. சபையில வேற என்னம்மா சொல்வாங்க?" என்று சிரித்துக்கொண்டே படமெடுக்கப் போனார்.

உடுப்பு மாற்றும் அறையில் நிரோஷா சலங்கையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், அவ எப்ப சொன்னது பொய்?"

"இண்டைக்குச் சொன்னதுதான் பிள்ளை."

"கைதட்டின ஆக்களுக்குத் தெரியுமோ?"

"அவைக்குத் தெரியாது."

"எங்கட அம்மாவுக்குத் தெரியும்" என்றாள். சலங்கையை என் மடியில் வைத்தாள். "கொன்டே வேண்டாம் ரீச்சர்."

அதன்பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. பிறகொருநாள் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சுமதியைக் கண்டேன். "பிள்ளை இப்ப ஆடுறேல்லை ரீச்சர். எண்டாலும் அரங்கேற்றம் நல்லா நடந்ததுதானே?" என்றார்.

இப்போது பரீட்சை முடிவு கைக்கு வராமல் ஹோல் பேச்சை எடுக்க விடமாட்டேன். அதற்காகவே சில தாய்மார் பிள்ளைகளை வேறு வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகட்டும். பெயிலான அன்று அந்தப் பிள்ளை திரும்ப வருவேன் என்றுதான் சொன்னாள். புகழ்ந்த அன்றுதான் எழும்பிப் போனாள்.