நோவாக் என்றால் வந்தவன்

1. டாக்டர் சொன்னது

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தார், கதவைச் சாத்தினார், எங்கள் பிரிவுப் பொறுப்பாளர் பிரிங்க்மன் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இனி நாள் கணக்குத்தான். சொந்தக்காரர் ஆரும் இருந்தால் வரச் சொல்லுங்கோ."

பேசியது ஜெர்மன்தான். ஆனால் எத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தாலும் என் காதில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹம் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளராக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். நம்முடைய பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இந்த வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி படிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத விஷயங்களை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். தூக்குவது, துடைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நோவாக் ஐயாவின் கதை இல்லை.

அவர் சிலேசியாவில் பிறந்தவர். எண்பதுகளில் மனைவியையும் ஒரே மகனையும் கூட்டிக்கொண்டு போலந்திலிருந்து இங்கே வந்து, கரிச்சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கங்களை மூடிவிட்டார்கள், அதன் தூசி மட்டும் அவருடைய நுரையீரலில் மிச்சம் இருந்தது. மனைவி எப்போதோ போய்விட்டார். பார்க்க யாரும் வருவதில்லை. அவருடைய கோப்பில் உறவினர் என்ற இடத்தில் ஒரு கோடு கீறியிருந்தது.

டாக்டர் போனதும் நான் உள்ளே போனேன். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

"தங்கச்சி, என்ரை மகனைத் தேடு," என்றார். "பியோத்தர் நோவாக். டோர்ட்மண்டிலை இருக்கிறான்."

இங்கே தாதியைக் கூப்பிடுகிற சொல்லுக்குச் சகோதரி என்றும் பொருள் உண்டு. அவர் சொல்லும்போது எனக்கு அது தங்கச்சி என்றுதான் கேட்கும்.

"அவரின்ரை போன் நம்பர்?"

"இல்லை. புத்தகத்திலை பார். நோவாக் எண்டு பார்."

2. இரண்டு ராசா

அந்தப் பெயரைப் பற்றி எனக்கு ஏற்கெனவே பாடம் எடுத்திருந்தார். அவர் எங்களிடம் வந்த புதிதில், குளிக்க வார்க்கும்போது கேட்டார்:

"துரைராசா எண்ட உன்ரை குடும்பப் பெயருக்கு என்ன கருத்து?"

"துரையும் ராசாவும். ஆனால் அது குடும்பப் பெயர் இல்லை. என்ரை மனிசன்ரை பெயர்."

"அப்ப உன்ரை குடும்பப் பெயர் என்ன?"

"எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை."

விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப இத்தினை காலமும் நாங்கள் உன்ரை புருசனுக்குத்தான் 'திருமதி' போட்டுக் கூப்பிடுறம்!"

"உங்கட பெயருக்கு மட்டும் என்ன பெரிய கருத்து?"

"வந்தவன்," என்றார். "ஊருக்குப் புதுசாய் ஒருத்தன் வந்து குடியிருந்தால் அவன்ரை பெயரைக் கேக்க ஆருக்கு நேரம்? புதுசாய் வந்தவன், நோவாக், எண்டு விட்டுடுவினம். பிறகு அவன்ரை பேரன் அங்கையே பிறந்து வளந்தாலும் நோவாக் தான். எத்தினை ஊர், ஊருக்கு எத்தினை வந்தவன் எண்டு யோசிச்சுப் பார். அதாலைதான் போலந்திலை ஆகக் கூடின பெயர் இது. இஞ்சை சுரங்கத்திலையும் அப்பிடித்தான். நோவாக் எண்டு ஒரு சத்தம் போட்டால் பாதி ஷிஃப்ட் திரும்பிப் பார்க்கும். தடியன் நோவாக், செம்பட்டை நோவாக் எண்டு பட்டம் வைச்சுத்தான் பிரிக்கிறது. நான் கோப்பி குடிக்காமல் கீழை இறங்கமாட்டன், அதாலை கோப்பி நோவாக்."

"எங்கட ஊரிலை அதை வந்தான் வரத்தான் எண்டுவினம்," என்றேன். "மரியாதையான சொல் இல்லை."

"இது மட்டும் மரியாதையோ?" என்றவர், அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். 'த' மட்டும் அவருடைய நாக்கில் வரவில்லை. அன்றிலிருந்து காலையில் நான் கதவைத் திறந்தால், "வா, வரட்டான்!" என்றுதான் வரவேற்பு. விருந்தாளி வீட்டுக்கு வந்தால் கடவுள் வந்த மாதிரி என்று போலந்தில் ஒரு பழமொழி இருக்கிறதாம். எங்களிடம் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று இருக்கிறது என்றேன். சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கி, ஒக்சிஜன் வைக்க வேண்டியதாகிவிட்டது.

3. கடலில் பெருங்காயம்

பிரிங்க்மன் அம்மா சட்டம் தவறாதவர். "அவர் தன்ரை வாயாலை தேடச் சொன்னவரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப போன் எடுங்கோ. ஆனால் வருத்தத்தைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. மகன் எண்டு உறுதியானால் மட்டும்."

இணையத்தில் தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்து, டோர்ட்மண்ட், நோவாக் என்று அடித்தேன். வந்து விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. அதுவும் வீட்டுத் தொலைபேசி வைத்திருக்கிற கிழடுகள் மட்டும். கைபேசிக்காரர் எவரும் அதில் இல்லை. கடலில் கரைத்த பெருங்காயம் என்று சும்மாவா சொன்னார்கள்?

நம்மவர்கள் இந்த நாட்டுக்கு வந்து விடுகிற பிழை ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், ஒரே குடும்பப் பெயர் உள்ள வெள்ளைக்காரர் எல்லாம் ஒருவருக்கொருவர் சொந்தம் என்று நினைத்துவிடுவோம். நானும் முதலில் எடுத்த மனிதரிடம், "பியோத்தர் உங்களுக்குத் தெரியாட்டி, உங்கட மற்றச் சொந்தக்காரரிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோவன்," என்றேன்.

"எந்தச் சொந்தக்காரர்?"

"மற்ற நோவாக் ஆக்கள்."

"அம்மா, நோவாக் எண்டது குடும்பம் இல்லை, கூட்டம்," என்று வைத்துவிட்டார்.

அடுத்தவர் என்னை ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து ஏசினார். இன்னொருவருக்குக் காது கேட்கவில்லை. என்னோடு வேலை செய்த வசந்தி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"அக்கா, பேசாமல் தெருவிலை நிண்டு கூப்பிடுங்கோ. திரும்பிப் பாக்கிறவனைப் பிடிச்சுக்கொண்டு வருவம்."

"வாயை மூடிக்கொண்டு போய் அவரைத் திருப்பிப் படுக்க வையடி. முதுகு புண்ணாகப் போகுது."

"அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அக்கா. கிடைச்சதோ, கிடைச்சதோ எண்டு."

அதன் பிறகுதான் கேட்கிற விதத்தை மாற்றினேன். கல்யாணப் பேச்சில் நம் ஆட்கள் கேட்பார்களே, எவடம், ஆரின்ரை பிள்ளை என்று, அப்படி. "நீங்கள் எந்த ஊர் நோவாக்? சிலேசியாவிலை எவடம்? ஹம் பக்கம் சுரங்கத்திலை வேலை செய்த சொந்தம் ஆரும் இருக்கோ, கோப்பி நோவாக் எண்டு?" ஆச்சரியம், மனிதர்கள் கதைக்கத் தொடங்கினார்கள். தன் பூர்வீகத்தை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி. ஒருவர் கிழக்குப் பிரசியா வரைக்கும் போய்விட்டார், நிறுத்தப் பெரும்பாடு பட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு பெண் எடுத்தார். வயதான குரல்.

"ஹம்மிலை கோப்பி நோவாக்கோ? அவர் என்ரை மனிசன்ரை தமையன்! இன்னும் உயிரோடை இருக்கிறாரோ?"

பேனையைத் தேடி எடுத்தேன். "மகன் பியோத்தரின்ரை நம்பர் இருக்கோ?"

"இருக்கு. ஆனால் அவனை நோவாக் எண்டு தேடினால் உலகம் அழிஞ்சாலும் கிடைக்கான் பிள்ளை. அவன் நொய்மான் எல்லோ."

4. திருப்பிப் போட்ட சட்டை

கதை இதுதான். அவர்கள் இங்கே வந்து பதிந்தபோது, பெயரை ஜெர்மன் ஆக்க விருப்பமா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். நோவாக் என்பதை அப்படியே மொழிபெயர்த்தால் நொய்மான். புது மனிதன். தகப்பன் முடியாது என்றுவிட்டார். மகன் பதினெட்டு முடிந்ததும் தானே போய் மாற்றிக்கொண்டான். அதோடு தகப்பனும் மகனும் பேச்சு நின்றது.

நான் பியோத்தருக்கு எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் இரண்டு தரம் உங்கட இடத்துக்கு எடுத்தனான்," என்றார். "நொய்மான் எண்டு அவருக்கு ஒரு சொந்தமும் இல்லை, தகவல் தர ஏலாது எண்டு சொல்லிச்சினம்."

சட்டப்படி அது சரியான பதில்.

"அவர் உங்களைத் தேடச் சொன்னவர்," என்றேன்.

"என்னையோ? நோவாக்கையோ?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அக்கா," என்றார், என் பெயரைக்கூடக் கேட்காமல், "அவர் சுரங்கத்துக்குள்ளை இருந்தவர். அங்கை எல்லாரும் கறுப்பு, எல்லாரும் நோவாக். நான் பள்ளிக்கூடத்திலை இருந்தனான். அங்கை நோவாக் எண்டு நான் ஒருத்தன்தான். அது வேறை இடம்."

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்தார்.

நான் ஐயாவிடம் போய்க் கட்டிலோரம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மகன் கிடைச்சிட்டார். நொய்மான் எண்டு ஏன் ஐயா எனக்குச் சொல்லேல்லை?"

சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மூச்சு வந்து வந்து போனது. "மனம் மாறி இருப்பானோ எண்டு பார்த்தன்," என்றார். "புத்தகத்திலை திரும்பவும் நோவாக் எண்டு போட்டிருப்பானோ எண்டு. அதைப் பாக்கத்தான் உன்னைத் தேடச் சொன்னன்."

"இரண்டுக்கும் ஒரே கருத்துத்தானே? இதுவும் வந்தவன், அதுவும் வந்தவன்."

"அதுதான் எரிச்சல்! அதே சட்டையை உள்பக்கம் திருப்பிப் போட்டிட்டுப் புதுச்சட்டை எண்டுறான். நான் வந்தவன் எண்டதை மறைச்சனானோ? ஆருக்குப் பயம்?"

"நாளைக்கு வாறார்."

"நோவாக் எண்டு சொல்லிக்கொண்டு வரட்டும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால். சாகிற கட்டிலில்கூட அந்த நாலாவது காலை எண்ண அவர் தயாராக இல்லை.

5. ஆர்?

பியோத்தர் வந்தார். தலை நரைத்த, உயரமான மனிதர். மேல்கோட்டைக் கழற்றவில்லை. தகப்பனின் நெற்றி, தகப்பனின் மூக்கு. பெயரை மாற்றலாம், மூக்கை என்ன செய்வது? கதவைத் திறந்துவிட்டேன். நான் வெளியே போகப் பார்க்க, "நில்லுங்கோ அக்கா," என்றார்.

"அப்பா, நான்தான்."

ஐயா கண்ணைத் திறந்தார். நன்றாகப் பார்த்தார். காது அவருக்குக் கடைசி வரை துல்லியம்.

"ஆர்?"

மகன் கட்டிலுக்குக் கிட்டப் போனார். "பியோத்தர்," என்றார். வெளியே எல்லோருக்கும் அவர் பீட்டர். அந்தப் போலந்துப் பெயரை எத்தனை வருடத்துக்குப் பிறகு சொன்னாரோ.

"எந்தப் பியோத்தர்?"

தண்ணீர்க் கிளாசை எடுத்து வைப்பதுபோல நான் மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன். ஒரு சொல் போதும். ஒரு பொய்யாவது சொல்லு மகனே என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் சொல்லவில்லை. கிழவர் மறுபடி கேட்கவுமில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு இருந்தார்கள். பிறகு மகன் வெளியே வந்து நடையில் இருந்த வாங்கில் உட்கார்ந்தார். நான் கோப்பி கொண்டு போய்க் கொடுத்தேன். குடிக்கவில்லை. ஆறினதும் எழும்பிப் போய்விட்டார்.

பின்னேரம் ஐயா கேட்டார்: "போயிட்டானோ?"

"ஓம்."

"குளிருக்கை கோட்டுப் போட்டவனோ?"

"போட்டவர். திரும்ப வரச் சொல்லட்டோ?"

தலையை அசைத்தார். அது ஓமா, இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் ஓம் என்று எடுத்துக்கொண்டு பியோத்தருக்குப் போன் அடித்தேன். சனிக்கிழமை வருகிறேன் என்றார். ஐயா வெள்ளிக்கிழமை விடியப் போய்விட்டார்.

6. வாசலில்

ஒருவர் இறந்தால் செய்கிற வழமைப்படி நாங்கள் யன்னலைத் திறந்துவிட்டு, அவரைத் துடைத்து, நல்ல சேர்ட் போட்டு வைத்தோம். செய்தி சொன்னதும் பியோத்தர் வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே போங்கோ என்றேன். பிறகு போகிறேன் என்றார்.

அதற்குள் இறுதிச் சடங்கு நிலையத்து ஆள் வந்துவிட்டார். இளம் மனிதர், மரியாதையானவர், கையில் பேனை. இந்தப் பக்கத்தில் இந்தப் பெயரைப் பலவிதமாக எழுதுவார்கள். ஒருவருக்கு நோவாக், ஒருவருக்கு நோவக், இன்னொருவருக்கு நோவாக் என்றே சொல்லிவிட்டுக் கடைசியில் K மட்டும் இல்லாமல் CK என்று இரண்டு எழுத்து, ஜெர்மனில் சே, கா. தலைமுறை தலைமுறையாக எழுதுவினைஞர்கள் காதில் விழுந்தபடி எழுதியது.

"மன்னிக்கோணும்," என்று நடையில் நின்ற மகனிடம் கேட்டார், "சிலுவையிலை போட வேணும். பெயர் எப்பிடி எழுதுறது? கடைசியிலை சே-கா வோ, வெறும் கா வோ?"

பியோத்தர் நிமிர்ந்தார்.

"என், ஓ, வே, ஆ, கா," என்று ஜெர்மன் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். "வெறும் கா. நாங்கள் எப்பவும் வெறும் கா தான்."

"நாங்கள்" என்றார். நல்ல சத்தமாகத்தான் சொன்னார். அறைக் கதவு திறந்துதான் கிடந்தது.

பிள்ளைகளே, புதிதாக ஒருவர் வந்து சேர்ந்ததும் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு எழுதச் சொல்லி உங்களுக்குத் தாள் தருவார்கள். எங்கே பிறந்தார், என்ன வேலை, என்ன சாப்பாடு பிடிக்கும், எத்தனை பிள்ளைகள் என்று கேட்பீர்கள். அதோடு நிறுத்தாதீர்கள். பிள்ளைகள் இப்போது என்ன பெயரில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அதை முதல் கிழமையே கேளுங்கள். சிலர் உங்கள் மேல் கோபப்படுவார்கள். படட்டும். அப்போது அவர்களுக்குக் கோபப்பட மூச்சு இருக்கும், கோபம் ஆறவும் நாள் இருக்கும்.